ஊருக்கு ஊர் மாற்று: கிஸில் ஷஃபாக் – கெர்கெஞ்ச், 1989

எடுத்துக்கொண்ட நிகழ்வு

1989-ஆம் ஆண்டு வசந்தத்திலும் கோடையிலும், ஆர்மேனியாவில் இருந்த ஓர் அஸர்பைஜானிய ஊரும் அஸர்பைஜானில் இருந்த ஓர் ஆர்மேனிய ஊரும் தங்களுக்குள் பேசி இடம் மாறிக்கொண்டன. முதல் ஊர் கிஸில் ஷஃபாக். ஆர்மேனியாவின் வடக்கில் உள்ள லோரி பீடபூமியின் வடகோடியில், அன்று காலினினோ என்றும் இன்று தஷீர் என்றும் அழைக்கப்படும் வட்டாரத்தில், ஜார்ஜியா எல்லையை ஒட்டி இருக்கிறது. இரண்டாவது ஊர் கெர்கெஞ்ச். அஸர்பைஜான் தலைநகர் பாகுவுக்கு மேற்கே சுமார் 120 கிலோமீட்டரில் உள்ள ஷமாகி நகரத்துக்குப் பக்கத்து ஊர். இரண்டுக்கும் நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 370 கிலோமீட்டர்.

தெற்குக் காகசஸில் அந்த ஆண்டுகளில் ஆர்மேனிய–அஸர்பைஜானிய மோதலால் வீடு இழந்தவர்கள் பல லட்சம் பேர். பெரும்பாலோர் சில நாள் கெடுவில், கையில் அகப்பட்டதோடு துரத்தப்பட்டவர்கள். இந்த இரண்டு ஊர்க்காரர்களும் போனது போனதுதான் என்றாலும், வீட்டுக்கு வீடு கைமாற்றி, சாமான்களை லாரியில் ஏற்றி, முன்னோர் கல்லறைகளை எதிர்த்தரப்பின் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனார்கள். மாஸ்கோவோ இரு சோவியத் குடியரசுகளின் தலைநகரங்களோ போட்டுக் கொடுத்த திட்டம் இல்லை. ஊர்மட்டத்தில் எடுத்த முடிவு. எந்த இடத்தில் அது கைகொடுத்தது, எந்த இடத்தில் கைவிட்டது என்று பிரித்துப் பார்ப்பதே இந்த ஆய்வின் வேலை.

பின்னணி: ஒத்துப்போகாத இரண்டு நிலங்கள்

கிஸில் ஷஃபாக் 1,500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ள மேய்ச்சல் ஊர். மாடு, ஆடு, பால், பாலாடைக்கட்டி. நிலத்தில் உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், தீவனப் புல். பனி ஐந்தாறு மாதம் கிடக்கும். திராட்சை அங்கே பேச்சுக்குக்கூட இல்லை.

கெர்கெஞ்ச் இருக்கும் ஷமாகிச் சரிவு அதற்குப் பாதி உயரம். ஷிர்வான்ஷாக்கள் என்ற இடைக்கால அரச வம்சத்தின் பழைய தலைநகர் வட்டாரம் அது. 1859 நிலநடுக்கத்தில் ஷமாகி சிதைந்த பிறகுதான் ஆளுநரகம் பாகுவுக்கு மாறியது. பக்கத்து ஊரான மத்ரஸாவின் பெயரையே கொண்ட கறுப்புத் திராட்சை ரகம் இந்தப் பகுதியின் அடையாளம். கெர்கெஞ்ச் ஆர்மேனியர்களின் கைவேலை கொடியும் ஒயினும். பிப்ரவரி, மார்ச்சில் கொடி கவாத்து, வசந்தத்தில் கொடி கட்டுதல், கோடையில் பூசணத்தைத் தடுக்கக் கந்தகமும் போர்டோ கலவையும் தெளித்தல், செப்டம்பர் கடைசியில் தொடங்கி அக்டோபர் வரை அறுவடை. வருடத்தின் கணக்கே திராட்சையை வைத்து ஓடியது. 1985 மே மாதம் கோர்பச்சோவ் அரசு மது எதிர்ப்பு இயக்கத்தைத் தொடங்கியதிலிருந்து அந்தக் கணக்கு ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அஸர்பைஜான் முழுவதும் கொடித் தோட்டங்கள் வெட்டப்பட்டன.

மொழி விஷயத்தில் சிக்கல் இல்லை. ஷமாகி வட்டார ஆர்மேனியர்கள் அஸர்பைஜானிய மொழியை வீட்டுவாசலில் பேசிப் பழகியவர்கள். பின்னால் நடந்த பேரத்துக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருக்கவில்லை. சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் அதிகாரிகளையோ இடைத்தரகர்களையோ நடுவில் வைக்காமல் இரண்டு குடும்பத் தலைவர்கள் நேருக்கு நேர் உட்கார முடிந்ததற்கு அடிப்படை இதுதான்.

1988: கெடு நெருங்கிய விதம்

பிப்ரவரி 20 அன்று அஸர்பைஜானுக்குள் ஆர்மேனியர் பெரும்பான்மையாக வாழ்ந்த நாகோர்னோ கராபாகின் சோவியத் (மக்கள் அவை), ஆர்மேனியாவுடன் இணையக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. அதே மாதம் 27 முதல் 29 வரை அஸர்பைஜானின் சும்காயித் நகரில் ஆர்மேனியர்கள் மீது வெறியாட்டம். அதிகாரபூர்வக் கணக்கில் மொத்தம் 32 பேர் இறந்தார்கள், அவர்களில் 26 பேர் ஆர்மேனியர்கள். நவம்பரில் இரண்டு குடியரசுகளிலும் நிலைமை கைமீறியது. ஒருபக்கம் அஸர்பைஜானின் கிரோவாபாதில் (இன்றைய கஞ்சா) ஆர்மேனியர்கள் மீது தாக்குதல். மறுபக்கம் ஆர்மேனியாவின் குகார்க் உள்ளிட்ட வட்டாரங்களிலிருந்து அஸர்பைஜானியர்கள் கொல்லப்பட்டும் விரட்டப்பட்டும் பனி மூடிய கணவாய்கள் வழியே நடந்தே வெளியேறினார்கள். வழியில் குளிரில் இறந்தவர்களும் உண்டு.

டிசம்பர் தொடக்கத்தில் கட்டாய வெளியேற்றத்தையும் வேலைநீக்கத்தையும் கண்டித்து மாஸ்கோ உத்தரவு போட்டது. காகிதத்தில் இருந்த பலம் கிராமத்துச் சாலையில் இல்லை. டிசம்பர் 7 அன்று வட ஆர்மேனியாவில் ஸ்பிதாக் நிலநடுக்கம். சுமார் 25,000 பேர் இறந்தார்கள். ஐந்து லட்சம் பேர் வீடிழந்தார்கள். இந்த நிலநடுக்கத்தை இடமாற்றத்தின் கதையில் தனிச் சம்பவமாக வைத்துவிட்டுப் போக முடியாது. அதன்பின் அஸர்பைஜானிலிருந்து ஆர்மேனியா போகும் எந்தக் குடும்பத்துக்கும் தங்க இடம் கிடைப்பது அரிதாகிவிட்டது. நிலநடுக்கத்தில் தப்பியவர்களே ‘தோமிக்’ எனப்படும் தகரக் கொட்டகைகளிலும் சரக்குப் பெட்டிகளிலும் இருந்தார்கள். லோரியில் கூரையும் அடுப்பும் தொழுவமும் உள்ள ஒரு கல்வீடு அந்த நேரத்தில் எப்பேர்ப்பட்ட சொத்து என்பது கெர்கெஞ்ச்காரர்களுக்குப் புரியாமல் இருந்திருக்காது.

1979 கணக்கெடுப்பில் ஆர்மேனியாவில் 1,60,000-க்குச் சற்று மேல் இருந்த அஸர்பைஜானியர் எண்ணிக்கை, 1989 ஜனவரிக் கணக்கெடுப்பில் சுமார் 85,000. அந்த எண்ணிக்கையும் வேகமாகக் கரைந்துகொண்டிருந்தது. அக்கம்பக்கத்து ஊர்கள் காலியாகிக்கொண்டிருக்க, கிஸில் ஷஃபாக் 1989 வசந்தம் வரை தாக்குப்பிடித்ததற்கு இருப்பிடம் ஒரு காரணம். எல்லைக்கு அப்பால் ஜார்ஜியாவில் அஸர்பைஜானியர் நிறைந்த வட்டாரங்கள்; ஆபத்து என்றால் ஒதுங்க ஓர் இடம் இருந்தது. அந்தச் சில மாத அவகாசம்தான் பேரம் பேச நேரம் கொடுத்தது.

முதல் முடிவு: விற்காமல் மாற்றுவது

ஊர்ப் பெரியவர்களும் கூட்டுப்பண்ணையை நடத்தியவர்களும் முன்னால் இருந்த வழிகளை எடைபோட்டார்கள். இருப்பது, விற்றுவிட்டுப் போவது, போட்டுவிட்டுப் போவது, மாற்றிக்கொள்வது. போயே ஆக வேண்டும் என்பது வாங்குபவனுக்கும் தெரிந்திருக்கும்போது விற்பனையில் விலை அடிமாட்டு விலையாகத்தான் இருக்கும். விலை கிடைத்தாலும் சோவியத் ரூபிளை வைத்து இன்னோர் ஊரில் வீடு கட்டுவது எளிதில்லை. சிமென்டும் மரமும் ஒதுக்கீட்டில் வருபவை. காசை மடியில் கட்டிக்கொண்டு அன்றைய சாலைகளில் பயணம் செய்வதும் ஆபத்து.

அந்த முடிவு எவ்வளவு சரி என்பது பிறகுதான் முழுதாகத் தெரிந்தது. 1991 ஜனவரியில் 50, 100 ரூபிள் நோட்டுகள் ஒரே இரவில் செல்லாமல் போயின. மாற்றிக்கொள்ள மூன்று நாள். அதே ஆண்டு ஏப்ரலில் விலைகள் ஏறின. 1992-இல் பணவீக்கம் மிச்சச் சேமிப்பையும் தின்றது. 1989-இல் வீட்டை ரூபிளாக மாற்றியவர்களுக்கு மூன்றே ஆண்டில் எதுவும் மிஞ்சவில்லை. வீட்டை வீடாக மாற்றியவர்களிடம் வீடு இருந்தது.

சட்டப்படியும் இது ஓடக்கூடிய வழி. சோவியத் ஒன்றியத்தில் நிலம் அரசுடையது. கிராமத்து வீடு மட்டும் குடும்பத்தின் சொந்த உடைமை. வீட்டுக்கு வீடு பரிமாற்ற ஒப்பந்தத்தைக் குடிமைச் சட்டம் அனுமதித்தது. நிலத்தைப் பற்றியோ பண்ணையின் மந்தையைப் பற்றியோ ஒப்பந்தத்தில் எழுத வழியே இல்லை. பின்னால் வந்த இடர்களில் பாதிக்கு வித்து இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

தேடலும் தேர்வும்

முயற்சி எடுத்தவர்கள் கிஸில் ஷஃபாக்காரர்கள். அவர்களிலிருந்து ஒரு குழு அஸர்பைஜானுக்குப் போய், ஆர்மேனியர்கள் வாழும் ஊர்கள் பலவற்றைச் சுற்றிப் பார்த்தது. கெர்கெஞ்ச் கண்ணில் பட்டதற்குக் காரணம் வெளிப்படை: கல்வீடுகள், தண்ணீர், ஷமாகி நகரம் பக்கம், பாகு போகும் சாலை. கெர்கெஞ்ச்காரர்கள் முதலில் தயங்கினார்கள். தாங்கள் போயாக வேண்டும் என்பதை ஏற்கவே பலருக்கு நேரம் பிடித்தது. பிறகு அவர்கள் தரப்பிலிருந்தும் ஆட்கள் லோரிக்கு வந்து பார்த்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. பார்க்க வந்த பருவம் வசந்தமும் முன்கோடையும். அந்த மாதங்களில் லோரி பீடபூமியைப் பார்க்கிறவனுக்குத் தெரிவது இடுப்பளவு புல், ஓடும் தண்ணீர், பச்சை. ஜனவரியைப் பார்க்க வாய்ப்பில்லை. வீட்டைச் சோதிக்கலாம், கூரையைத் தட்டிப் பார்க்கலாம், கிணற்றை எட்டிப் பார்க்கலாம். ஒரு ஊரின் குளிர்காலத்தை மே மாதத்தில் சோதிக்க முடியாது. எதிர்த்தரப்பு ஏமாற்றியது என்று சொல்ல இதில் ஒன்றுமில்லை. கேட்க வேண்டிய கேள்வி கேட்கப்படவில்லை, அவ்வளவுதான்.

பேசி முடித்தவை

*வீடுகள்.* ஊரை ஊருக்கு மாற்றுவது பொது முடிவு. ஆனால் எந்த வீட்டுக்கு எந்த வீடு என்பதைக் குழு விதிக்கவில்லை. குடும்பத்துக்குக் குடும்பம் பேசிக்கொண்டார்கள். அறை எத்தனை, கூரை ஓடா தகரமா, நிலவறை உண்டா, தொழுவம் எத்தனை மாட்டுக்கு, தோட்டம் எவ்வளவு, பள்ளிக்கூடத்துக்கும் சாலைக்கும் எவ்வளவு தூரம் — இதுமாதிரி விவகாரங்கள். அண்ணன் தம்பி பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் அங்கேயும் அப்படியே இருக்க விரும்புவார்கள். எதிர்த்தரப்பு வீடுகள் அந்த வரிசையில் அமையாது. அப்போது மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து சுற்று மாற்றம் செய்தால்தான் காரியம் முடியும்.

இரண்டு ஊர்களும் அளவில் சமம் இல்லை என்பதால் எல்லாருக்கும் ஜோடி அமையவில்லை. ஜோடி கிடைக்காதவர்கள் நகரங்களுக்கோ வேறு ஊர்களுக்கோ போனார்கள். கெர்கெஞ்ச்காரர்களில் சிலருக்கு மலையூர் வேண்டவே வேண்டாம். ஆர்மேனியத் தலைநகர் எரெவானிலோ ரஷ்யாவிலோ உறவினர் இருந்தார்கள். அவர்களுக்கும் ஒப்பந்தத்தில் கிடைத்தது லோரி வீடுதான். பூட்டிவைப்பதா, பிறகு வேறொன்றாக மாற்றுவதா என்ற தலைவலியைக் கையோடு கொண்டுபோனார்கள்.

*காகிதம்.* ஒப்பந்தம், ஊர்ச் சோவியத்தில் (ஊர் நிர்வாக அவை) பதிவு, பழைய இடத்திலிருந்து பெயர் நீக்கம், புதிய இடத்தில் ‘புரோபிஸ்கா’ எனப்படும் குடியிருப்புப் பதிவு முத்திரை. அன்றைய சோவியத் வாழ்க்கையில் இந்தக் கடைசி முத்திரை இல்லாமல் வேலையும் இல்லை, பள்ளிச் சேர்க்கையும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. வீடு கைமாறிய கையோடு இதை முடிக்காதவர்கள் பின்னால் அலைந்தார்கள். குறிப்பாக 1991-க்குப் பிறகு, பதிவேடு ஒரு நாட்டிலும் ஆள் இன்னொரு நாட்டிலும் என்று ஆனபோது.

*கல்லறைகள்.* இந்த இடமாற்றத்தைப் பற்றி வெளியே பேசப்படுவதற்கு முக்கியக் காரணம் இந்த வாய்மொழி உடன்படிக்கைதான். உங்கள் இடுகாட்டை நாங்கள் காப்போம், எங்கள் இடுகாட்டை நீங்கள் காக்க வேண்டும். எழுத்தில் இல்லை, சாட்சிக் கையெழுத்து இல்லை. இதை உணர்ச்சிவசப்பட்ட வாக்குறுதி என்று மட்டும் படிப்பது போதாது. இரண்டு பக்கமும் பிணையாக வைத்த பொருள் ஒன்றே. ஒரு பக்கம் கல்லை உடைத்தால் மறுபக்கம் செய்தி போகும் என்பது இருவருக்கும் தெரியும். சமநிலை அதில் இருந்தது.

பயணம்

பாதை ஜார்ஜியா வழியே அமைந்தது இயல்பு. லோரியிலிருந்து வடக்கே எல்லை தாண்டி மார்னேயுலி. அங்கிருந்து கிழக்கே திரும்பிச் சிவப்புப் பாலத்தைக் கடந்தால் அஸர்பைஜானின் கசாக். பிறகு கஞ்சா, யெவ்லாக், அக்சூ மலையேற்றம், ஷமாகி. நேர்கோட்டை விடச் சாலை வெகு நீளம். ஆனால் இரண்டு குடியரசுகளும் நேரடியாகத் தொடும் பகுதிகளில் அன்றைக்கு எந்த லாரிக்கும் உத்தரவாதம் இல்லை.

ஒரே நாளில் ஊரே கிளம்பவில்லை. குடும்பம் குடும்பமாக, வாரக்கணக்கில் நடந்தது. அந்த நாட்களில் இரண்டு ஊர்களிலும் இரு தரப்பினரும் ஒரே தெருவில் இருந்தார்கள். வந்தவர் சாமான் இறக்க, போகிறவர் ஏற்ற. எந்த அடுப்பின் புகைபோக்கி அடைக்கும், எந்த மூலையில் மழை ஒழுகும், தண்ணீர்க் குழாய் எங்கே உறையும் என்பதைச் சொல்லிக்கொடுக்க அந்த இடைக்காலம் உதவியது. வீட்டைப் போட்டுவிட்டு ஓடியவர்களின் ஊரில் குடியேறிய எந்த அகதிக்கும் இந்த வசதி கிடைத்ததில்லை.

லோரியில் முதல் குளிர்காலம்

கெர்கெஞ்ச் ஆர்மேனியர்கள் கோடையில் வந்து சேர்ந்தார்கள். லோரியில் கோடை என்பது குளிர்காலத்துக்கான வேலை முடியும் காலம், தொடங்கும் காலம் அல்ல. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊர் நிலைக்காமல் போன காரணத்தின் வேர் இங்கேதான்.

முதலில் தீவனம். ஒரு கறவை மாடு கொட்டிலில் நாளைக்கு 10 முதல் 12 கிலோ உலர்புல் தின்னும். கொட்டில் காலம் 180 நாள் என்று வைத்தால் மாட்டுக்கு 2 டன். இரண்டு மாடும் நாலைந்து ஆடும் உள்ள வீட்டுக்கு 5 டன் வரை வேண்டும். புல் அறுப்பு ஜூன் இறுதியில் தொடங்கி ஆகஸ்டில் முடியும். வெட்டி, திருப்பிப் போட்டு, மழைக்கு முன் குவித்து, வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அரிவாள் பிடித்த கைக்கும் கவாத்துக் கத்திரி பிடித்த கைக்கும் வித்தியாசம் உண்டு. ஈரம் காயாமல் அடுக்கினால் போர் உள்ளே சூடேறிப் பூசணம் பிடிக்கும். ஜனவரியில் பிரித்தால்தான் தெரியும். அப்போது வாங்கவும் கிடைக்காது.

அடுத்து எரிபொருள். அந்த மலையூர்களில் காடு தூரம். அடுப்பு எரிவது ‘தெஸெக்’கில். நம் வறட்டியின் உறவுக்காரப் பொருள்தான், ஆனால் தட்டுவதில்லை, வெட்டுவது. குளிர்காலம் முழுக்கத் தொழுவத்தில் மாடு மிதித்து இறுகிய சாணத்தையும் வைக்கோலையும் வசந்தத்தில் மண்வெட்டியால் செங்கல் அளவில் வெட்டி எடுத்து, நிற்கவைத்து, திருப்பி, கோடை முழுக்க உலர்த்தி, கூம்பாக அடுக்கி, வெளிப்புறம் சாணம் மெழுகி மழைக்குக் காப்பார்கள். ஆகஸ்டில் வந்த குடும்பத்துக்கு அந்த வருடம் தெஸெக் வெட்டும் பருவம் போய்விட்டது. முன்னவர் அடுக்கிவைத்ததை விட்டுப்போயிருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. வீட்டை மட்டும் அளந்து செய்த பேரத்தில் எரிபொருள் அடுக்கும் புல்போரும் எங்கே வரும் என்பது ஒவ்வொரு ஜோடியின் தாராளத்தைப் பொறுத்தது.

நாட்டு நிலவரமும் சேர்ந்து அடித்தது. நிலநடுக்கத்துக்குப் பின் பாதுகாப்பு காரணமாக ஆர்மேனியாவின் மெட்ஸமோர் அணுமின் நிலையம் 1989 தொடக்கத்தில் மூடப்பட்டது. அந்த ஆண்டிலேயே அஸர்பைஜான் வழியாக வரும் ரயில்பாதை முற்றுகைக்கு உள்ளானது. 1991-இல் ஆர்மேனியா நிலத்தைத் தனியார்மயமாக்கியபோது கூட்டுப்பண்ணை கலைந்து, குடும்பங்களுக்கு நிலத் துண்டுகள் கிடைத்தன. டிராக்டரும் எரிபொருளும் பால் கொள்முதலும் பண்ணையோடு போயின. 1992 முதல் 1995 வரை நகரங்களிலேயே மின்சாரம் நாளைக்கு ஓரிரு மணி நேரம். பிறவி மலைக்காரர்களே திணறிய காலம் அது. திராட்சைக் கொடி வளர்த்தவர்கள் அங்கே என்ன செய்ய முடியும்? இளையவர்கள் முதலில் எரெவானுக்கும் பிறகு ரஷ்யாவுக்கும் கிளம்பினார்கள். கிஸில் ஷஃபாக்கின் பெயர் ஜ்யுனஷோக் என்று மாறியது. மாறிய பெயரோடு ஊர் மெலிந்துகொண்டே வந்தது.

கெர்கெஞ்சில் நடந்தது

இந்தப் பக்கம் நிலைமை வேறு. மலையிலிருந்து இறங்கி மிதமான தட்பவெப்பத்துக்கு வருவது, ஏறுவதைப்போல ஆளை உடைப்பதில்லை. மாடும் ஆடும் ஷமாகிச் சரிவிலும் மேயும். கொட்டில் காலம் குறைகிறது, புல் தேவை குறைகிறது. வந்தவர்களின் கைத்தொழிலுக்குப் புது நிலத்தில் இடம் இருந்தது. அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது திராட்சையை மட்டும்.

அதைக் கற்றுக்கொள்வதற்குள் திராட்சையே போய்விட்டது. 1980-களின் நடுவில் அஸர்பைஜானில் 2,50,000 ஹெக்டேருக்கு மேல் இருந்த கொடித் தோட்டம், 2000-த்தின் தொடக்கத்தில் 10,000 ஹெக்டேருக்கும் கீழே வந்தது. மது எதிர்ப்பு இயக்கம், ஒன்றியத்தின் சந்தை அறுந்தது, பண்ணைகள் கலைந்தது, போர் — எல்லாம் சேர்ந்த பலன். கெர்கெஞ்சில் கொடி அழிந்ததைப் புதிதாக வந்தவர்களின் அலட்சியம் என்று பேசுவோர் உண்டு. நாடு முழுக்க அழிந்ததை ஓர் ஊரின் தலையில் கட்டுவது நியாயமாகப் படவில்லை. கவாத்துத் தெரிந்த கைகள் ஊரில் இல்லாதது அழிவை வேகப்படுத்தியிருக்கலாம். அதற்கு மேல் சொல்வதற்கில்லை.

ஊராக அவர்கள் கூடி வாழ்ந்தார்கள் என்பதும் முக்கியம். ஆர்மேனியாவிலிருந்து வந்த அஸர்பைஜானியர்களை ‘எராஸ்’ என்று ஒரு குத்தலோடு அழைக்கும் வழக்கம் பாகுவில் உண்டு. தனித்தனியாகச் சிதறி வந்தவர்கள் அந்தக் குத்தலைத் தனியாகத் தாங்கினார்கள். கெர்கெஞ்சுக்கு வந்தவர்கள் தெருவோடு, உறவோடு, கல்யாணம் கொடுத்து வாங்கும் வீடுகளோடு வந்தவர்கள். இன்றும் அது உயிருள்ள ஊர். 2,000 பேர் அளவில் மக்கள்தொகை.

எல்லை மூடிய பின் கல்லறைகள்

1990 ஜனவரியில் பாகுவில் ஆர்மேனியர்கள் மீது தாக்குதல், தொடர்ந்து சோவியத் ராணுவத்தின் நுழைவு, 1991-இல் சோவியத் ஒன்றியத்தின் முடிவு, கராபாகுக்காக இரு நாடுகளுக்கும் இடையே முழுப் போர், 1994 மே மாதம் போர்நிறுத்தம். தபாலும் தொலைபேசியும் இரண்டு நாடுகளுக்கும் இடையே அறுந்தன. மிஞ்சிய வழி ஜார்ஜியாவும் ரஷ்யாவும்தான். லோரிக்கு அருகே ஜார்ஜியாவின் சதாக்லோ சந்தையில் 2000-களின் நடுப்பகுதி வரை ஆர்மேனியரும் அஸர்பைஜானியரும் சரக்கு விற்று வாங்கினார்கள். அந்த மாதிரி இடங்களும் பொதுவான பழக்கக்காரர்களும் இல்லாமல் இருந்தால் வாய்மொழி உடன்படிக்கை நிறைவேறுகிறதா என்று அறியவே வழி இருந்திருக்காது.

2000-களில் இரு நாட்டு ஆய்வாளர்களும் பத்திரிகையாளர்களும் இரண்டு ஊர்களுக்கும் போய்ப் பார்த்தார்கள். கெர்கெஞ்சில் ஆர்மேனிய இடுகாடு இருந்தது. ஜ்யுனஷோக்கில் முஸ்லிம் இடுகாடு இருந்தது. போருக்குப் பிறகான காகசஸில் இது எவ்வளவு அரிது என்பதை அறிய 2020 நவம்பரை நினைத்தால் போதும். அந்த ஆண்டுப் போருக்குப் பின், ஆர்மேனியர்கள் வசம் இருந்த கெல்பஜார் வட்டாரத்தை அஸர்பைஜானிடம் ஒப்படைக்கும் நாள் நெருங்கியபோது அங்கிருந்த ஆர்மேனியர்கள் பலர் தங்கள் வீடுகளுக்குத் தாங்களே தீ வைத்தார்கள்; சிலர் கல்லறைகளைத் தோண்டி எலும்புகளை எடுத்துக்கொண்டு போனார்கள். பின்னால் வருபவரிடம் எதையும் நம்பி விட முடியாது என்ற நிலை.

காத்தல் என்றால் நடைமுறையில் என்ன என்பதும் சொல்லப்பட வேண்டும். வேண்டுமென்று உடைப்பவரைத் தடுப்பது ஒரு பங்கு. மீதி எல்லாம் மாடும் பனியும். மாடு முதுகு சொறிய நடுகல்லில் உரசும். நட்டுவைத்த கல் சாயும். லோரியில் மண் உறைந்து உருகும்போது அடிக்கல் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் மேலே தள்ளப்படும். சாய்ந்த கல்லை வசந்தத்தில் நிமிர்த்தாவிட்டால் அடுத்த குளிர்காலத்தில் விழும். வேலி, வருடம் ஒரு முறை புல் அறுப்பு, கல் நிமிர்த்தல், இவ்வளவே தேவை. ஊரில் ஆள் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. உயிருள்ள கெர்கெஞ்சில் இதற்கு ஆள் உண்டு. காலி வீடுகள் பெருகி, முதியவர்களே மிஞ்சிய ஜ்யுனஷோக்கில் மனம் இருந்தாலும் கை குறைவு. உடன்படிக்கையின் சமநிலை இப்போது ஆபத்தில் இருப்பது பகையால் அல்ல, ஆளில்லாமையால்.

மாற்ற வேண்டியிருந்தவை

1989-இல் இருந்த அவகாசத்துக்குள் செய்திருக்கக்கூடியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டால், முதலாவது பேரத்தின் அளவுகோல். வீட்டோடு ஒரு வருடத்துத் தீவனம், எரிபொருள், விதைக்கிழங்கு ஆகியவற்றையும் பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும். மலையூருக்குப் போகும் தரப்புக்கு இது உயிர்ப் பிரச்சினை. இறங்கும் தரப்புக்கு இல்லை. சமமான வீடு கொடுத்தும் பேரம் சமமில்லாமல் போனது இதனால்.

இரண்டாவது, கைமாற்றத்தின் பருவம். ஆபத்து நெருக்கிய காலத்தில் நாள் பார்க்க முடியாது என்பது உண்மை. என்றாலும் குடும்பத்துக்கு ஒருவரையாவது மே மாதமே அனுப்பி, தெஸெக் வெட்டும்போதும் புல் அறுக்கும்போதும் பழைய உரிமையாளரோடு நிற்கவைத்திருந்தால் அந்தத் தொழிலின் அடிப்படையாவது கைக்கு வந்திருக்கும். கெர்கெஞ்ச் பக்கத்திலும் அப்படியே. பிப்ரவரிக் கவாத்தை ஒரு முறையாவது கூட நின்று பார்க்காத ஆள், அடுத்த வருடம் கொடியில் கை வைக்கப் பயப்படுவான்.

ஜோடி அமையாத குடும்பங்களுக்கு ஏற்பாடு எதுவும் இல்லாதது மூன்றாவது. மலைக்கு வர விருப்பமில்லாதவரின் வீட்டை, ஜோடி கிடைக்காமல் நிற்பவருக்கோ நிலநடுக்கத்தில் வீடிழந்தவருக்கோ முறையாகக் கைமாற்ற ஊர்க் குழுவிடம் ஒரு பொதுப் பட்டியல் இருந்திருந்தால், ஜ்யுனஷோக்கில் முதல் வருடமே பூட்டுத் தொங்கிய வீடுகள் குறைந்திருக்கும். பூட்டிய வீட்டின் கூரை மூன்று நான்கு குளிர்காலத்துக்கு மேல் பனிச்சுமையைத் தாங்காது. ஓட்டை விழுந்தால் சுவரும் போகும்.

கல்லறை விஷயத்தில் வாய்மொழி போதும் என்று இரு தரப்பும் நினைத்ததைக் குறை சொல்ல இயலவில்லை; எழுதியிருந்தால் அதைப் பார்த்துக்கொள்ள அன்று எந்த அலுவலகமும் இருந்திருக்காது. ஆனால் ஒரு பதிவேடு வேறு விஷயம். கல்லுக்கு ஓர் எண், அதில் உள்ள பெயர், ஆண்டு, ஒரு புகைப்படம், இடுகாட்டின் கைவரைபடம்; இரண்டு படி எடுத்து இரண்டு ஊரிலும் ஒவ்வொன்று. எந்தக் கல் எந்தக் குடும்பத்துடையது என்று வாயால் சொல்லக்கூடியவர்கள் 1989-இல் வயதுவந்தவர்களாக இருந்தவர்கள். அவர்களில் இளையவருக்கும் இப்போது அறுபதுக்கு அருகில் வயது. இந்த வேலைக்கு எல்லை திறக்கக் காத்திருக்கத் தேவையில்லை. படங்களை ஜார்ஜியாவில் உள்ள ஒருவர் வழியாக மாற்றிக்கொள்ளலாம். முதலில் எடுக்க வேண்டியவை, எழுத்து மழுங்கிவரும் பழைய சுண்ணாம்புக் கற்களின் படங்கள்.